கூரை விலகும் திசை

1655ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோஞா நகரில், சான் பெட்ரோனியோ தேவாலயத்தின் கூரையில் ஒரு துளை போட்டார்கள். தரையிலிருந்து சுமார் 27 மீட்டர் உயரத்தில், மூன்று சென்டிமீட்டர்கூட அகலமில்லாத துளை. கீழே பளிங்குத் தரையில் தெற்கு வடக்காக 66 மீட்டருக்கும் மேல் ஓடும் ஒரு கோட்டைப் பதித்தார்கள். உச்சிப்பொழுதில் சூரியனின் பிம்பம் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் துளைக்கு அருகே விழும். குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடிக்குப் போய்விடும். வேலையை முன்னின்று நடத்தியவர் ஜியோவானி கசீனி. சனியின் வளையங்களுக்கு நடுவே தெரியும் கரிய இடைவெளிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

திருச்சபை இந்தக் கோட்டை விரும்பியது ஈஸ்டருக்காக. வசந்தத்தில் இரவும் பகலும் சமமாகும் நாள், அதையொட்டி வரும் முழுநிலவு, அதற்கடுத்த ஞாயிறு என்பது ஈஸ்டரின் விதி. சமநாள் மார்ச் 21 என்றது ஏடு. வானத்திலோ அது 16ஆம் நூற்றாண்டுக்குள் மார்ச் 11க்கு நகர்ந்திருந்தது. 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவித்துப் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அந்தப் பத்து நாள் பிசகை நீக்கினார். திருத்தம் சரிதானா, சமநாள் இனி இடம் மாறாமல் நிற்குமா என்று பார்க்க ஒரு பெரிய கருவி தேவைப்பட்டது. அசையாத சுவரும் நீண்ட தரையும் இருண்ட உட்புறமும் ஒருசேர அமைந்த கட்டடம் தேவாலயம்தான்.

கசீனி அதே கோட்டில் இன்னொன்றையும் அளந்தார். சூரிய பிம்பத்தின் விட்டம் ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. அது எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதில் தாலமி வழிவந்த பழைய கணக்கும் கெப்ளரின் கணக்கும் முரண்பட்டன. கெப்ளர் கணக்கில் வரும் மாற்றம் பழையதில் பாதி. தரையில் விழுந்த பிம்பம் கெப்ளர் பக்கம் சாய்ந்தது. பூமி சுற்றுகிறதா சூரியன் சுற்றுகிறதா என்ற வழக்கை அந்த அளவு தீர்க்கவில்லைதான். ஆனால் பூமிதான் சுற்றுகிறது என்ற கலீலியோவைத் தண்டித்து 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. கெப்ளரின் நூல் ஒன்று திருச்சபையின் தடைப்பட்டியலில் இருந்தது. அவருக்குச் சாதகமான சான்று திருச்சபையின் தரையிலேயே, திருச்சபைக்கு வேண்டிய வேலையின் ஊடே கிடைத்தது.

நம்பிக்கை தன் கூரையில் வானத்துக்கு வழி விட்டால் அந்த நம்பிக்கைக்கு என்ன நேரும்? பொலோஞாவில் எழுந்த இந்தக் கேள்வி, வீட்டுக் கொல்லையில் பத்துக்குப் பத்தடி ஷெட் கட்டி, கூரையைத் தள்ளிவிட்டு, தொலைநோக்கி வழியே இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் வேறு உருவில் வருகிறது. கேட்டு அறிந்ததை ஒருவர் தானே கண்டும் அறிய வேண்டுமா? கண்டால் என்ன கூடுகிறது?

முதலில் அந்த ஷெட். கட்டுமானம் எளிது, அளவுகள் மட்டும் கறார். நான்கு சுவர், இரண்டு சுவர்களின் மேல் இரும்புத் தண்டவாளம். கூரைச் சட்டத்தின் அடியில், ஸ்லைடிங் கேட்டுக்குப் போடுவது போன்ற பள்ளமுள்ள சக்கரங்கள். தண்டவாளம் சுவரோடு முடியாமல் ஒரு பக்கம் வெளியே நீண்டு தனித் தூண்களின் மேல் நிற்கும். மாலையில் தாழ்களை விடுவித்துத் தள்ளினால் கூரை முழுவதும் அந்தத் தூண்களுக்கு மேலே போய்விடும். அறைக்கு வானமே கூரை. தாழ்ப்பாள் உறுதியாக இல்லையென்றால் ஒரு சூறைக்காற்றில் கூரை தானாகவே புறப்படும். மூடும் முன் தொலைநோக்கியைப் படுக்கவைக்க மறந்தால் கூரை அதன் மேல் மோதும்.

பெரிய ஆய்வுக்கூடங்களின் கோளக் கூரையில் ஒரு கீற்று மட்டுமே திறக்கும். காற்றையும் தெருவிளக்கையும் அது நன்றாகத் தடுக்கும். ஆனால் பகலில் தேங்கிய வெப்பம் அந்தக் கீற்றின் வழியே வெளியேறும்போது நட்சத்திரத்தின் பிம்பம் நடுங்கும். நகரும் கூரையில் வெப்பம் சீக்கிரம் கலைந்துவிடும். கண்ணாடியும் வெளிக்காற்றும் விரைவில் ஒரே குளிர்ச்சிக்கு வரும். அதற்கு விலை உண்டு: பனி நேரே இறங்கும், காற்று குழலை ஆட்டும். சுவரை உயர்த்திக் காற்றைத் தடுத்தால் அடிவானம் போகும்.

எல்லாவற்றிலும் முக்கியம் நடுவில் நிற்கும் தூண். மண்ணில் ஆழப் புதைத்த அந்தக் காங்கிரீட் தூண் அறையின் தரையைத் தொடவே கூடாது. இருநூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி, அருகில் நடப்பவரின் காலடி அதிர்வையும் அதே அளவு பெரிதாக்கிவிடும். சென்னைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1786ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அவர் கொடுத்துவிட்டுப் போன கருவிகளோடுதான் 1792ல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வுக் கூடம் எழுந்தது. அங்கே கருவியைத் தாங்கிய கருங்கல் தூணின் எடை பத்து டன். அதன் மேல் வெட்டியுள்ள கல்வெட்டு மொழிகளில் தமிழும் ஒன்று. ஆய்வுப்பணி கோடைக்கானலுக்குப் போய்விட்டது. தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்திலேயே நிற்கிறது.

இத்தனை பாடும் எதைப் பார்க்க? ஆண்ட்ரமீடா விண்மீன் மண்டலத்தைச் சுருள் சுருளாக, நீலமும் செந்நிறமுமாகக் காட்டும் படங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கொல்லைப்புறத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் தெரிவது சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, “இவ்வளவுதானா?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மங்கலைக் கண் காண்கிறது. அது 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்பதைக் கண் காண்பதில்லை. துடிப்பு விண்மீன்களின் பிரகாசத்துக்கும் துடிப்புக் காலத்துக்கும் உள்ள உறவை 1912ல் ஹென்ரியட்டா லீவிட் வெளியிட்டார். அத்தகைய விண்மீன் ஒன்றை 1923ல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரமீடாவில் கண்டார். அங்கிருந்து தொலைவு கணக்கிடப்பட்டது. பின்வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். தொலைநோக்கியின் முன் நிற்பவர் காண்பது மங்கலை, கருதி அறிவது தொலைவை, அந்தக் கருதலுக்கு ஆதாரமாகக் கொள்வது பிறர் உரையை.

காண்டல், கருதல், உரை என்ற இந்த மூன்றும் தமிழ்ச் சமய நூல்களுக்கு நன்கு பழகியவை. அருள்நந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியார், இறைவன் உண்டா என்று தொடங்குவதற்கு முன்பே அறியும் வழிகளான அளவைகளைப் பேசுகிறது. அளவைகளைப் பத்து என்றும் அதற்கு மேலும் விரிப்பவர்கள் உண்டு, எல்லாம் இந்த மூன்றில் அடங்கும் என்பது அதன் முடிவு. எதை அறிகிறோம் என்பதற்கு முன் எப்படி அறிகிறோம் என்று கேட்கும் ஒழுங்கு அது. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் வரிசையில் கடைசியாகப் பேசும் பூதவாதி, கண்ணால் கண்டதே மெய், கருத்தளவை செல்லாது என்கிறான். மணிமேகலை அவனை மடக்குவது ஒரே கேள்வியால்: உன் தாய் தந்தையரைக் கருத்தளவையால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

பூதவாதிக்கு ஷெட்டும் தொலைநோக்கியும் கொடுத்தால் அவனிடம் மிஞ்சுவது சாம்பல் மங்கல் மட்டுமே.

காட்சி தனியே நின்றால் அது பலவீனமானதும்கூட. சித்தியார் காட்சியையே வகை பிரிக்கிறது. இதுவோ அதுவோ என்று தடுமாறுவது ஐயக்காட்சி. ஒன்றை வேறொன்றாகக் கொள்வது திரிவுக்காட்சி. ஏதோ ஒரு பொருள் உண்டு என்ற அளவில் நிற்பது ஒன்று. பெயரும் இனமும் குணமும் அறிந்து காண்பது இன்னொன்று. தொலைநோக்கியில் பழகியவர்கள் இந்த நான்கையும் ஒரே இரவில் கடப்பார்கள். மங்கலான பொருளை நேரே உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று விலக்கினால் தோன்றும், ஏனென்றால் மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை. தோன்றியது உண்மையா, ஆசையா? குழலை லேசாக அசைத்துப் பார்க்கிறார்கள். கூடவே அசைந்தால் அது வானத்தில் இருக்கிறது, நின்றுவிட்டால் கண்ணில்.

திரிவுக்குப் பெரிய உதாரணம் பெர்சிவல் லோவல். பாஸ்டன் செல்வந்தர், அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃபில் 1894ல் சொந்தப் பணத்தில் ஆய்வுக்கூடம் கட்டினார். செவ்வாயில் கால்வாய்களைக் கண்டார், வரைந்தார், அவற்றை வெட்டிய நாகரிகத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். 1896ல் வெள்ளிக் கோளைப் பார்த்தபோது நடுவிலிருந்து நாற்புறமும் பிரியும் ஆரக்கோடுகள் தெரிந்தன. ஒளியைக் குறைக்கத் தொலைநோக்கியின் வாயை அவர் மிகவும் சுருக்கியிருந்தார். அந்த நிலையில் கருவி கண் மருத்துவரின் சோதனைக் கருவி போலாகி, அவருடைய விழித்திரை இரத்தக்குழாய்களின் நிழலையே காட்டியிருக்கும் என்பது பின்னாளில் முன்வைக்கப்பட்ட விளக்கம். லோவல் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னார்.

அப்படியானால் காட்சியின் பெருமைதான் என்ன? ஆஸ்திரேலியாவில் யூனைட்டிங் சர்ச் போதகராக இருந்த ராபர்ட் எவன்ஸின் வாழ்க்கையில் இதற்கு விடை கிடைக்கிறது. ஞாயிறுகளில் பிரசங்கம், கிறிஸ்தவ எழுப்புதல்களின் வரலாறு குறித்த ஆராய்ச்சி, தெளிவான இரவுகளில் தொலைநோக்கி. அவர் தேடியது சூப்பர்நோவாக்களை. வெகு தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம் ஒன்றில் ஒரு விண்மீன் வெடித்தால், நேற்று இல்லாத ஒரு புள்ளி இன்று தெரியும். அந்தப் புள்ளி புதியது என்று அறிய நேற்றைய வானம் மனப்பாடமாக இருக்க வேண்டும். எவன்ஸ் நூற்றுக்கணக்கான மண்டலங்களின் தோற்றத்தையும் அவற்றைச் சூழ்ந்த விண்மீன்களின் அமைப்பையும் நினைவில் வைத்திருந்தார். படத்தைப் புரட்டாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவார். 1981ல் முதல் கண்டுபிடிப்புகள். 1983 ஜூலையில் எம்83 மண்டலத்தில் அவர் கண்ட வெடிப்பு, சூப்பர்நோவாக்களில் ஒரு தனி வகையை இனங்காண உதவியது. வெறும் கண்ணால் தொலைநோக்கி வழியே பார்த்து அவர் கண்டவை 42. அதில் அவரை மிஞ்சியவர் இல்லை. 2022ல் காலமானார்.

அவரைச் சந்தித்த எழுத்தாளர் பில் பிரைசன், 2003ல் வெளியான தம் புத்தகத்தில் வர்ணித்திருப்பதைப் பார்த்தால், அங்கே கோளக் கூரையும் இல்லை, நகரும் கூரையும் இல்லை. சமையலறையை ஒட்டிய சாமான் அறையிலிருந்து தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளித்தளத்தில் வைப்பார், அவ்வளவுதான்.

எவன்ஸின் முறையில் உரையும் காட்சியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. பழையதை நெட்டுருப் போட்டவருக்கே புதியது கண்ணில் பட்டது. மரபை அறியாதவர் அதே கண்ணாடியில் பார்த்திருந்தால் புள்ளிகள் தெரிந்திருக்கும், செய்தி தெரிந்திருக்காது. அதேசமயம், மனப்பாடத்தோடு நின்றுவிட்டு அன்றிரவு வெளியே போகாதவருக்கும் அது கிடைத்திருக்காது. உரை கண்ணுக்குப் பழக்கம் கொடுக்கிறது. உரையில் இன்னும் ஏறாதது காட்சியின் வழியேதான் உள்ளே வர முடியும்.

எத்தகைய புதியது வரக்கூடும் என்பதற்கு அர்ஜென்டினாவின் ரோசாரியோ நகரம் சாட்சி. அங்கே விக்டர் புசோ என்ற பூட்டுத் தொழிலாளி தம் வீட்டு மாடியில் சொந்தமாக ஆய்வுக்கூடம் கட்டியிருந்தார். 2016 செப்டம்பர் 20 அன்று 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் புதிய கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 என்ற மண்டலத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த படங்களில் ஒரு புள்ளி பிரகாசமாகிக்கொண்டே வந்தது. வெடிக்கும் விண்மீனின் அதிர்ச்சி அலை மேற்பரப்பைக் கிழித்து வெளிவரும் தொடக்கத் தருணம் அது. சாதாரண ஒளியில் அதை அப்படிப் பதிவு செய்வது மிக அரிது. 2018ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் புசோவும் ஒருவர்.

இனி, கண்டதும் உரைத்ததும் மோதும் இடம். தமிழ்நாட்டில் அது ஆண்டுதோறும் காலண்டரிலேயே நடக்கிறது. சனி கும்ப ராசிக்குள் நுழைவது 2023 ஜனவரி 17 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். திருநள்ளாறு பின்பற்றும் வாக்கிய பஞ்சாங்கம் அதே ஆண்டு டிசம்பர் 20 என்றது. பதினொரு மாத வித்தியாசம். ராசியின் எல்லைக்கோடு வானத்தில் வரையப்பட்டிருக்கவில்லை, எல்லையை எங்கே வைப்பது என்பது மனிதரின் உடன்பாடு. ஆனால் சனி என்ற கோள் எந்த இரவிலும் ஓரிடத்தில்தான் இருக்கிறது. எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் என்பதைச் சிறிய தொலைநோக்கி வைத்திருப்பவரும் பார்த்துவிடலாம்.

இதை நம்பிக்கைக்கும் அறிவியலுக்குமான சண்டையாக எழுதிவிடுவது சுலபம். வரலாறு அப்படி நடக்கவில்லை. 1431ல் கேரளத்தில் பரமேஸ்வரன், கிரகணங்களைப் பல்லாண்டு நேரில் கவனித்து, கணக்கு காட்சியோடு ஒத்துவரும்படி திருத்தி ‘திருக்கணிதம்’ என்ற நூலை எழுதினார். மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867ல் ரெட்டிகுலம் தொகுதியில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடப்பதற்கு முன்பாக, அது என்ன நிகழ்வு என்று விளக்கும் சிறுநூலை இந்திய மொழிகளில் எழுதி வெளியிட்டார். காட்சிக்கு ஒத்த பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடியதும் அவரே. இவர்கள் மரபுக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர்கள் அல்லர். திதியும் கிரகணமும் சரியான பொழுதில் அமைய வேண்டும் என்ற கவலை உள்ளவர்கள். சடங்கை மதித்ததால்தான் வானத்தைப் பார்த்தார்கள். பொலோஞாவின் ஈஸ்டர் கவலையும் இதே இனம்.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் உண்டு. வாக்கியத்தைப் பின்பற்றும் கோயில்களுக்குத் தொடர்ச்சி முக்கியம்: ஊர் முழுதும் ஒரே நாளில் கூடுவது, முன்னோர் கூடிய முறைப்படி கூடுவது. திருவிழாவின் பயன் கோளின் பாகைக் கணக்கில் இல்லை என்று அவர்கள் சொன்னால் தொலைநோக்கியால் மறுக்க முடியாது. கோள் இன்றிரவு இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் தொலைநோக்கி வாய் திறக்கும். எந்த வாக்கியம் வானத்தைப் பற்றியது, எந்த வாக்கியம் கூடி வாழ்வதைப் பற்றியது என்று பிரித்துக்கொள்ளும் வேலை கருவிக்கு உரியதல்ல, மனிதருக்கு உரியது.

ரமலான் பிறை இன்னொரு வகை. பிறை எத்தனை மணிக்கு, அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். துருக்கி கணக்கையே ஏற்கிறது. தமிழ்நாட்டில் பிறை தெரிந்த தகவலை வைத்துத் தலைமை காஜி அறிவிக்கிறார். கணக்கு இருக்கும்போது மேற்கே பார்த்து நிற்பது ஏன் என்று கேட்டால், அங்கே தேவைப்படுவது தகவல் மட்டும் அல்ல, ஒரு சாட்சி. யாரோ ஒருவர் கண்டேன் என்று பொறுப்பேற்க வேண்டும்.

ஷெட்டில் நிற்பவருக்குக் கூடுவதும் இதுதான். ஆண்ட்ரமீடாவைப் பற்றிய அவருடைய தகவல் அன்றிரவு அதிகமாகிவிடவில்லை. ஆனால் உரை என்ற அளவை நிற்பது நம்பத்தக்கவர்மேல். அவரை ஆப்தர் என்பார்கள். இதுவரை பிறர் சொல்லைக் கேட்பவராக மட்டும் இருந்தவர், தன் சொல்லைப் பிறர் நம்பலாமா என்று சோதிக்கப்படும் இடத்துக்கு வருகிறார். சூப்பர்நோவாவைக் கண்டவர் உடனே முழங்கிவிட முடியாது. அது நகரும் குறுங்கோளாக இருக்கலாம், கண்ணாடியின் போலி பிம்பமாக இருக்கலாம். வேறு ஊரில் வேறு கருவியில் இன்னொருவர் பார்த்துச் சொன்ன பிறகே அது கண்டுபிடிப்பு. ஒளி மாறும் விண்மீன்களைக் கவனிப்பவர்களுக்காக 1911ல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கத்துக்கு இன்றும் உலகெங்கிலுமிருந்து கொல்லைப்புற அளவீடுகள் போகின்றன. ஒருவரது பிசகு நூறு பேரின் குறிப்பில் வெளிப்பட்டுவிடும். லோவலுக்கு இல்லாமல்போனது இந்தக் கட்டுப்பாடு. பார்வைக் கூர்மையில் அவருக்குக் குறை இல்லை.

தமிழ்நாட்டில் இப்படியொரு ஷெட் கட்டுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கூரையை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை. தள்ளிய கூரை அந்தப் பக்கத்து அடிவானத்தை மறைக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வடக்கே தள்ளுவது வழக்கம். அங்கே துருவ விண்மீன் உயரத்தில் இருப்பதால் இழப்பு குறைவு. சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகைதான். தொலைநோக்கியின் அச்சைச் சரிசெய்யத் தேவையான அந்த விண்மீனே கூரைக்குப் பின்னால் போகக்கூடும். தெற்கே தள்ளினால் ரகுநாதாச்சாரியின் ரெட்டிகுலம் விண்மீனுக்கு ஆபத்து. சென்னையில் அது 14 பாகைக்கு மேல் ஏறுவதேயில்லை. மேற்கே தள்ளினால் மூன்றாம் பிறை போகும், மாலை வெள்ளியும் போகும். மிச்சம் கிழக்கு. விடிவதற்குச் சற்று முன் எழும் வால்மீன்கள் சில தப்பலாம். மற்றபடி கிழக்குக் கூரை மறைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு மணி நேரம் பொறுத்தால் தாமே மேலேறி வந்துவிடும்.